கட்டிங்ல இருக்கேன், சனிக்கிழமை ஒரு கட்டிங் போடலாமா?

ஆறரைமணி_ஜிம் கேட்டது:

வயசு 27, எடை 72 கிலோ. வாரத்துக்கு 5 நாள் வெயிட் ட்ரெய்னிங், சாயங்காலம் 6:30லேர்ந்து 8 வரை. இப்போ கட்டிங் பீரியட், அதாவது தசையை விடாம கொழுப்பைக் குறைக்கிற காலம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி, புரோட்டீன் 120 கிராம். மெயின்டனன்ஸ் (எடை ஏறாம இறங்காம நிக்கிற கலோரி) 2,400 கிட்ட வரும்.

சப்ளிமென்ட்: வே புரோட்டீன் 1 ஸ்கூப், கிரியேட்டின் 5 கிராம், ஜிம் நாள்ல ப்ரீ ஒர்க்கவுட் (கஃபைன் 300 மி.கி.), காலையில ஒரு ஃபேட் பர்னர் மாத்திரை.

சனிக்கிழமை லெக் டே. அன்னிக்கு ராத்திரி மட்டும் ஒரு குவாட்டர், சில வாரம் ஆஃப் (அரை பாட்டில்).

ஒர்க்கவுட் முடிஞ்சதும் வே குடிச்சிட்டு அப்புறம் சரக்கடிச்சா அந்தப் புரோட்டீன் வேலை செய்யுமா, இல்ல எல்லாம் வேஸ்ட்டா? கிரியேட்டினை அன்னிக்கு நிறுத்தணுமா? கிட்னி போயிடும்ங்கிறாங்க. ஜிம்ல ஒருத்தர் "குடிச்சா ஏழு நாளைக்கு மசில் வளராது"ன்னு அடிச்சுச் சொல்றார். இன்னொருத்தர் "பீர்ல கார்ப் இருக்கு, ரெக்கவரிக்கு நல்லது"ங்கிறார். "குடிக்காதே"ங்கிற பதில் எனக்கே தெரியும். கணக்கோட யாராவது சொல்லுங்க.

நேர்கோடு:

கணக்கு வேணும்னா இதோ. குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அப்போ 77 கிராம் ஆல்கஹால் உள்ள போகுது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே "பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்ல"ன்னு அறிக்கை விட்டுடுச்சு. வாரம் அஞ்சு நாள் ஜிம்முக்குப் பணம் கட்டிட்டு ஆறாவது ராத்திரி அதைக் கரைக்கிறது எதுக்கு?

தராசு:

நேர்கோடு சொன்ன முடிவுல தப்பில்ல, கணக்குல ஒரு திருத்தம். அந்த 77, மில்லி. கிராம் இல்ல. ஆல்கஹால் தண்ணியை விட லேசு, ஒரு மில்லி 0.789 கிராம்தான். ஆக ஒரு குவாட்டர்ல இருக்கிறது 61 கிராம். (42.8ங்கிற விநோத நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அது பழைய பிரிட்டிஷ் அளவுல 75 டிகிரி ப்ரூஃப்.)

இந்தக் கிராமைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்கணும்னா, மசில் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி எல்லாம் "உடம்பு எடை கிலோவுக்கு எத்தனை கிராம்"னுதான் பேசுது. உங்க 72 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தா:

கட்டிங், 90 மில்லி: 30 கிராம், கிலோவுக்கு 0.42
குவாட்டர், 180 மில்லி: 61 கிராம், கிலோவுக்கு 0.84
ஆஃப், 375 மில்லி: 127 கிராம், கிலோவுக்கு 1.76

இப்போ உங்க முதல் கேள்வி. இதை அப்படியே சோதிச்சுப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒண்ணு 2014ல வந்துச்சு. உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள 8 ஆண்கள். லெக் எக்ஸ்டென்ஷன், அது முடிஞ்சதும் சைக்கிள். பிறகு ஒரு தடவை வெறும் வே, ஒரு தடவை வே கூட ஆல்கஹால், ஒரு தடவை கார்ப் கூட ஆல்கஹால். வே 25 கிராம் வீதம் ரெண்டு வேளை, முடிச்ச உடனே ஒண்ணு, 4 மணி நேரம் கழிச்சு ஒண்ணு. ஆல்கஹால் கிலோவுக்கு 1.5 கிராம். உங்க எடைக்கு அது 108 கிராம், அதாவது சுமார் 320 மில்லி சரக்கு. ஆஃப் பாட்டிலை நெருங்கிடுச்சு.

தொடைத் தசையில ஊசி போட்டு ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்ததுல, வெறும் வே குடிச்சப்ப நடந்த தசைப் புரத உற்பத்தியை விட, வே + ஆல்கஹால்ல 24 சதவீதம் குறைவு. புரோட்டீனே இல்லாம கார்ப் + ஆல்கஹால்ல 37 சதவீதம் குறைவு. அதாவது வே கொஞ்சம் காப்பாத்துது, முழுசா காப்பாத்தல. ஷேக் குடிச்சிட்டா சரக்கு கழிஞ்சிடும்னு நினைக்கிறவங்க இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. ஆல்கஹால் குடிச்ச நிலையிலயும் உற்பத்தி, சும்மா இருக்கிற உடம்பை விட மேலதான் இருந்துச்சு. அதனால "எல்லாம் வேஸ்ட்"டும் தப்பு. தவிர அளந்தது முதல் 8 மணி நேரம் மட்டும். மூணு மாசத்துல எவ்வளவு தசை குறையும்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

அளவு எங்க தொட்டா அடி விழுதுங்கிறதுக்கு நியூசிலாந்து ஆய்வுகள் உதவும். தொடையைக் கடுமையா வேலை வாங்கிட்டு, கிலோவுக்கு 1 கிராம் கொடுத்தப்ப அடுத்தடுத்த நாள்ல பலம் கூடுதலா இறங்குச்சு. அரை கிராம் கொடுத்தப்ப அந்தக் கூடுதல் இறக்கம் தெரியல. உங்களுக்கு அரை கிராம்னா சுமார் 107 மில்லி, 1 கிராம்னா சுமார் 213 மில்லி. குவாட்டர் நடுவுல நிக்குது, ஆஃப் எல்லையைத் தாண்டிப் போயாச்சு. நீங்க "ஒரு குவாட்டர், சில வாரம் ஆஃப்"னு ஒரே மூச்சுல சொன்னீங்க. உடம்புக்கு அது ரெண்டும் ஒண்ணு கிடையாது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, தசை கட்டச் சொல்லி செல்லுக்குள்ள சிக்னல் கொடுக்கிறது எம்டார்ங்கிற பாதை. வெயிட் தூக்கினாலும் அது முடுக்கப்படும், வேயில இருக்கிற லூசின்ங்கிற அமினோ அமிலத்தாலும் முடுக்கப்படும். ஆல்கஹால் அதே சுவிட்சைத் தணிக்குது. இது அதிகமா முடுக்கிவிட்டிருக்கிறது ஒர்க்கவுட் முடிஞ்ச முதல் 24 மணி நேரம். அதனாலதான் லெக் டே ராத்திரியிலயே குடிக்கிறது எல்லாத்துலயும் மோசமான தேர்வு. உடம்புலயே பெரிய தசைக்கு வேலை கொடுத்துட்டு அன்னிக்கே மேஸ்திரியைத் தூங்க வைக்கிறீங்க.

"ஏழு நாள்" கதைக்கு அடிப்படை இல்ல. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7–8 கிராம் ஆல்கஹாலை உடைக்கும், ஆளுக்கு ஆள் மாறும். குவாட்டர் காலியாக 8 மணி நேரம். ஆஃப்னா 16, 17 மணி நேரம். ராத்திரி 9 மணிக்கு ஆரம்பிச்ச ஆஃப், ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயும் ரத்தத்துல இருக்கும். எலுமிச்சை, மோர், குளியல், எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

லேபிள்_படிப்பவன்:

சப்ளிமென்ட் பக்கம் நான் சொல்றேன்.

வே: நிறுத்த வேண்டியதில்ல. சரக்குக்கு முன்னாடி எடுங்க. வயித்துல புரோட்டீனும் சாப்பாடும் இருந்தா ஆல்கஹால் ரத்தத்துல ஏறுற வேகமும் குறையும். குடிச்ச அப்புறம் படுக்கும்போது ஷேக் கலக்கிறது பலருக்கு வாந்தியிலதான் முடியும்.

கிரியேட்டின்: ஆரோக்கியமான கிட்னிக்கு 3–5 கிராம் பிரச்சினை இல்ல, சரக்கோட அது நேரடியா மோதுறதும் இல்ல. ஒரு நாள் விட்டாலும் ஒண்ணும் ஆகாது, தசையில சேர்ந்திருக்கிற இருப்பு குறைய வாரக்கணக்காகும். தண்ணிதான் விஷயம். கிரியேட்டின் தசைக்குள்ள தண்ணியை இழுக்கும். ஆல்கஹால், சிறுநீரைத் தடுத்து வைக்கிற வாசோபிரசின் ஹார்மோனைக் குறைச்சு தண்ணியை வெளிய தள்ளும். அதனால அன்னிக்குக் காலையிலேயே சாப்பாட்டோட எடுத்து முடிச்சிடுங்க.

ப்ரீ ஒர்க்கவுட்: உங்க லிஸ்ட்ல எனக்கு உறுத்துறதே இதுதான். கஃபைன் பாதியாகக் குறைய சராசரியா 5 மணி நேரம் ஆகும். 6:30க்கு 300 மி.கி. எடுத்தா 11:30க்கும் 150 மி.கி. உடம்புல இருக்கு. அது போதையைக் குறைக்காது, தூக்கக் கலக்கத்தை மட்டும் மறைக்கும். "இன்னிக்கு ஏறவே இல்லையே"ன்னு அடுத்த பெக் போகும். குவாட்டர் ஆஃப் ஆகுற வாரங்கள்ல இதுக்கும் ஒரு கை இருக்கலாம். குடிக்கப் போற நாள்ல அந்த ஸ்கூப்பைத் தொடாதீங்க. அதை விட்டுட்டு லெக் டே இழுக்க முடியலன்னா மத்தியானம் ஒரு ஃபில்டர் காபி போதும்.

ஃபேட் பர்னர்: டப்பாவைத் திருப்பி பின்பக்க எழுத்தைப் படிங்க. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் இருந்தா அதுல இருக்கிற ஈஜிசிஜிங்கிற பொருள் எவ்வளவுன்னு பாருங்க. ஒரு நாளைக்கு 800 மி.கி.யும் அதுக்கு மேலயும் போனா கல்லீரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லிருக்கு. யோஹிம்பின் இருந்தா இதயத் துடிப்பும் பிபியும் ஏறும், ஆல்கஹாலோட அது வேண்டவே வேண்டாம். அளவே போடாம "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்"னு மொத்தமா ஒரு நம்பர் மட்டும் இருந்தா அந்த டப்பாவுக்கே ஓய்வு கொடுத்துடுங்க. வேற எந்த மாத்திரையை விட்டாலும் யோசிப்பேன், இதை விடுறதுல உங்களுக்கு நஷ்டமே கிடையாது.

அஸ்வகந்தா எடுத்துக்கிட்டு இருந்தா அதையும் கணக்குல சேருங்க. அபூர்வம்னாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கு.

ஜிம்ல யாராவது "டி-பால்", "வின்" மாதிரி வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தா, சரக்கோடன்னு இல்ல, சரக்கு இல்லாமலும் வேண்டாம். அதோட உண்மைப் பேர் மெத்தாண்டியனோன், ஸ்டானோசோலால். ரெண்டுமே கல்லீரல் சுலபமா உடைக்க முடியாத மாதிரி மாத்தி அமைச்ச மருந்துகள். மேல ஆல்கஹாலையும் ஊத்தினா ஒரே ஆள் தலையில ரெண்டு மூட்டை.

கடைசியா, மறுநாள் உடம்பு வலிக்குப் போடுற மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் ரெண்டும் சரக்கோட சேர்ந்தா வயித்துல புண், ரத்தக் கசிவு. பாராசிட்டமால் தேவலைன்னு நினைப்பீங்க. எப்பவாவது குடிக்கிறவங்களுக்கு 500 மி.கி. ஒண்ணு பெரிய விஷயமில்ல. அடிக்கடி நிறையக் குடிக்கிறவங்க கல்லீரலுக்கு வழக்கமான அளவே அதிகமாப் போயிடலாம்.

"லிவர் டீடாக்ஸ்" மாத்திரையை முன்னாடியே போட்டா தப்பிக்கலாமான்னு அடுத்து கேட்பீங்க. முடியாது.

ஆறரைமணி_ஜிம்:

ரொம்ப நன்றி. ப்ரீ ஒர்க்கவுட் பத்தி யோசிக்கவே இல்ல. இன்னும் ரெண்டு. போன மாச ரத்தப் பரிசோதனையில எஸ்ஜிஓடி 68, எஸ்ஜிபிடி 59, கிரியேட்டினின் 1.3. சரக்காலயா, ஜிம்மாலயா? அப்புறம் அந்த பீர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே.

ஆய்வக_மேசை:

அந்த மூன்று எண்களை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. காரணம் இதுதான்: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு என்சைம்களும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருக்கின்றன. கடுமையான லெக் டே முடித்து இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தால், ஒரு சொட்டு குடிக்காதவருக்கும் இரண்டும் ஏறியிருக்கும். கடும் பயிற்சிக்குப் பிறகு ஒரு வாரம்கூட அவை இறங்காமல் நிற்கலாம்.

பிரித்துப் பார்க்க இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று ஜிஜிடி என்ற என்சைம். இது தசையிலிருந்து வராது. மது, பித்தநாளக் கோளாறு, சில மருந்துகள் ஆகியவற்றால் ஏறும். இன்னொன்று சிபிகே என்ற என்சைம். இது தசையின் கணக்கு. சிபிகே எகிறி, ஜிஜிடி சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் ஜிம் வேலை. ஜிஜிடியும் ஏறியிருந்தால் கல்லீரலைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தச் சமயத்தில் அல்ட்ராசவுண்டும் எழுதிக் கொடுப்பார்கள், கொழுப்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க.

மறுபரிசோதனைக்கு முன் 7 நாள் வெயிட் தூக்காதீர்கள். நடக்கலாம். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு குடிக்கிறீர்கள், என்னென்ன சப்ளிமென்ட் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். ஃபேட் பர்னர் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். சொல்லாமல் விட்டால் தேவையில்லாத பரிசோதனைகள்தான் கூடும்.

கிட்னியைக் கணிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் 1.3 பற்றி: கிரியேட்டின் பொடி உடலில் உடைந்து கிரியேட்டினினாக மாறுவதாலும், தசை அதிகம் இருப்பதாலும் இந்த எண் சற்று உயரும். அதனாலேயே கிட்னி கெட்டதாக ஆகாது, கெடவில்லை என்றும் ஆகாது. சந்தேகமிருந்தால் சிஸ்டாட்டின் சி பரிசோதனை உண்டு. அது தசையையும் கிரியேட்டினையும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கூடவே சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். யூரிக் அமிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மது அதை ஏற்றும், பீர் இன்னும் அதிகமாக.

ஒன்றை மட்டும் காத்திருந்து பார்க்கக் கூடாது. பழக்கமில்லாத கடும் பயிற்சி, மேலே மது, தண்ணீர்க் குறைவு, மூன்றும் சேர்ந்து தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கும் ராப்டோமயோலிசிஸ் வரலாம். தொடை கல்லாக வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதே நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கிட்னி உண்மையில் போவது இப்படித்தான், கிரியேட்டின் ஸ்கூப்பால் அல்ல.

பட்டறைக்காரன்:

பீர் விஷயம் சுருக்கமா. 650 மில்லி பாட்டில் 5 சதவீதம்னா 26 கிராம் ஆல்கஹால். லேபிள்ல 8 சதவீதம் வரைன்னு போட்ட ஸ்ட்ராங்னா 41 கிராம் வரை, அதாவது ஒரு பாட்டிலே ஒரு கட்டிங்குக்கு மேல. அதுல கிடைக்கிற கார்ப் ஏறக்குறைய ஒரு வாழைப்பழம். வாழைப்பழம் மலிவு. 2 சதவீத அளவுக்கு லேசான பீர் உடம்புத் தண்ணியைப் பெருசா பாதிக்காது. 4 சதவீதத்துலயே குடிச்சது சிறுநீரா கூடுதலாப் போயிடும். ரெக்கவரி டிரிங்க் லட்சணம் அவ்வளவுதான்.

தசை பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம், ஆனா நீங்க இருக்கிறது கட்டிங். உங்களுக்கு விழுற பெரிய அடி கலோரியில. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி. வாரத்துல 6 நாள் 400 கலோரி குறைச்சா மொத்தம் 2,400 சேமிப்பு. சனிக்கிழமை ஆஃப், 889. கோலா 300 மில்லி ரெண்டு பாட்டில், 250 சொச்சம். பேச்சோட பேச்சா தீர்ற 100 கிராம் வறுத்த கடலை, 570. ஆயிரத்து எழுநூறு ஆச்சு, இன்னும் சிக்கன் 65 தட்டு வரல, பன்னெண்டு மணிக்குப் பரோட்டா சால்னாவும் வரல. ஆறு நாள் பட்டினி ஒரு ராத்திரியில சமன்.

அதுக்கு மேல, ஆல்கஹால் உள்ள இருக்கிற வரைக்கும் உடம்பு கொழுப்பை எரிக்கிறதை ஓரமா வெச்சிடும். 24 கிராம், அதாவது ஒரு கட்டிங்கை விடக் கம்மி, அதுக்கே சில மணி நேரம் கொழுப்பு எரியுறது 73 சதவீதம் குறைஞ்சதா 1999ல அளந்திருக்காங்க. ஆல்கஹால் கொழுப்பா மாறுறது சொற்பம். கூடச் சாப்பிடுற எண்ணெய்தான் எரியாம நேரா தொப்பைக்குப் போகுது. ஞாயித்துக்கிழமை காலையில எடை மிஷின்ல 1 கிலோ கம்மியா காட்டும், அதைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. அது தண்ணி. செவ்வாய்க்கிழமை திரும்ப வந்துடும்.

குடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, சேதாரத்தைக் குறைக்க இப்படி மாத்துங்க.

லெக் டேவை வியாழனுக்கு நகர்த்துங்க. சனிக்கிழமை கை, தோள் மாதிரி சின்ன வேலை, அதையும் காலையில முடிச்சிடுங்க. ஞாயிறு லீவு. புரோட்டீன் 120 கிராம்ல 90 சாயங்காலத்துக்குள்ள உள்ள போயிருக்கணும். முதல் பெக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சோறோ சப்பாத்தியோ, கூட 150 கிராம் சிக்கன். சைவம்னா 200 கிராம் பனீர், ஆனா கொழுப்புக் கணக்கு கூடும். சைடு டிஷ்ஷுக்கு அவிச்ச முட்டை, சுண்டல், தந்தூரி. பொரிச்சதும் மிக்சரும் மேசைக்கே வரக் கூடாது. வந்தா நிக்காது.

கலக்கிறதுக்கு சோடா, இல்ல தண்ணி. ஒவ்வொரு பெக்குக்கும் நடுவுல 250 மில்லி வெறும் தண்ணி.

அளவுல ஏமாறுறது பாட்டில்ல இல்ல, டம்ளர்ல. கண் அளவுல ஊத்துற 60 மில்லி பெக், அகலமான டம்ளர்ல 80, 90க்குப் போயிடும். பகல்ல ஒரு தடவை இருமல் மருந்து மூடியை எடுங்க, பெரும்பாலும் 10 மில்லி கோடு இருக்கும். ஆறு மூடி தண்ணியை உங்க டம்ளர்ல ஊத்தி, அந்த மட்டத்துல வெளிப்பக்கம் டேப் ஒட்டுங்க. எவ்வளவு கீழ நிக்குதுன்னு பார்த்தா நம்ப மாட்டீங்க.

உங்க எடைக்கு 90 மில்லியில நிறுத்தினா தராசு சொன்ன அரை கிராம் கோட்டுக்குக் கீழ இருப்பீங்க. ராத்திரி 8:30க்குள்ள முடிச்சிட்டு 12 மணிக்குப் படுத்தா தூக்கமும் அவ்வளவா கெடாது. குடிச்ச கையோட படுத்தா முதல் பாதி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கி, 3 மணிக்கு நாக்கு வறண்டு முழிப்பு வரும். பின்பாதி முழுக்கத் துண்டு துண்டாத்தான் போகும்.

ஞாயித்துக்கிழமை ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணியில கலந்து மெதுவா குடிங்க. அரை லிட்டர்ல கலக்காதீங்க, உப்பு அதிகமாயிடும். அரை மணி நேரம் நடை போதும். டெட்லிஃப்ட், ஒன் ரெப் மேக்ஸ் எல்லாம் அன்னிக்கு வேண்டாம்.

நேர்கோடு:

77 கிராம் திருத்தத்துக்கு நன்றி, ஏத்துக்கிறேன். படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு. இங்க பேசினது வாரம் ஒரு நாள் குடிக்கிறவருக்கு. தினமும் குடிக்கிறவர் இந்த 90 மில்லி கணக்கைப் பார்த்துத் தேத்திக்க வேண்டாம். பல வருஷம் தினமும் குடிச்சா தசையே இளைக்கும், அதுலயும் வெயிட் தூக்க உதவுற வேகமான தசை நார்கள்தான் முதல்ல. அப்படிப்பட்டவர் ஜிம்ல சேர்ந்த உற்சாகத்துல ஒரே நாள்ல நிறுத்தவும் கூடாது. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோட நிறுத்தணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், தமிழ்லயே பேசுவாங்க.

ஆறரைமணி_ஜிம்:

டேப் ஒட்டிப் பார்த்தேன் பட்டறை அண்ணா. என் டம்ளர்ல ரெண்டு விரல் உயரம் போதும்னு நினைச்சுக்கிட்டு இருந்தது 95 மில்லி. ஜிஜிடி, சிபிகே அடுத்த வாரம் கொடுக்கிறேன். இன்னிலேர்ந்து ஏழு நாள் நடை மட்டும். ஃபேட் பர்னர் லேபிள்ல ஈஜிசிஜி அளவே போடல, வெறும் "பிளெண்ட் 1,200 மி.கி."ன்னு இருக்கு.

லேபிள்_படிப்பவன்:

அப்போ டாக்டர்கிட்ட காட்டுறதுக்கு டப்பாவை மட்டும் வெச்சுக்கோங்க. மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க.